வயிற்றில் எதுவும் தங்கவில்லை: ஆங்கிலப் பாடநூல் எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

ஆங்கிலப் பாடநூல் எழுதும் குழுவினருக்கும், வினாத்தாள் அமைக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கும் வணக்கம்.

அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றில் 22 வருடமாக ஆங்கிலம் நடத்துகிறேன். பெயர் எழுதாமல் விடுவதற்கு மன்னியுங்கள். இந்தக் கடிதத்தில் என் மாணவி ஒருத்தி வருகிறாள். என் பெயரைச் சொன்னால் எங்கள் ஊரில் அவள் யாரென்று எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

போன மார்கழியில் ஒருநாள் காலை ஏழரை மணிக்கு அவள் போன் செய்தாள். இங்கிலாந்தின் வடக்கே ஒரு மருத்துவமனையில் நர்ஸாகச் சேர்ந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. அங்கே அப்போது இரவு இரண்டு மணி. நான் பள்ளிக்குக் கிளம்ப டிபன் பாக்ஸை மூடிக்கொண்டிருந்தேன்.

“மிஸ், ஒரு டவுட். இங்கிலீஷ்லதான்” என்றாள். குரல் கம்மியிருந்தது.

வார்டில் எண்பது வயதுப் பெரியவர் ஒருவர் இவளைக் கூப்பிட்டு, ‘ஐ கான்ட் கீப் எனிதிங் டவுன், லவ்’ என்றிருக்கிறார். கட்டிலை ஒட்டிச் சக்கரம் வைத்த சின்ன மேசை. அதன் மேல் தண்ணீர் டம்ளரும் மூக்குக் கண்ணாடியும். எதையோ கீழே வைக்க எட்டவில்லை என்கிறார் போல என்று நினைத்து, இவள் மேசையின் உயரத்தை இறக்கிவிட்டிருக்கிறாள். அவர் தலையை ஆட்டிவிட்டு மறுபடியும் அதையே சொல்லியிருக்கிறார். இவள் கண்ணாடியை எடுத்துக் கீழ்த்தட்டில் வைத்திருக்கிறாள். அடுத்த சில நிமிஷத்தில் அவர் போர்வை மேலேயே வாந்தி எடுத்துவிட்டார்.

அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. கூட இருந்த மூத்த நர்ஸ் கோபப்படவும் இல்லை, பக்கத்தில் உட்கார வைத்துப் பொறுமையாக விளக்கியிருக்கிறார். வயிற்றில் எதுவும் தங்கவில்லை என்பதைத்தான் அந்தப் பெரியவர் இரண்டு தடவை சொல்லியிருக்கிறார்.

“நாசியா தெரியும் மிஸ். வாமிட்டிங் தெரியும். எமெசிஸ்னு சொன்னாக்கூடத் தெரியும். கீப் தெரியும், டவுன் தெரியும். ரெண்டையும் சேர்த்துச் சொன்னாத் தெரியல மிஸ்.”

பன்னிரண்டாம் வகுப்பில் ஆங்கிலத்தில் பள்ளியிலேயே முதல் மதிப்பெண் வாங்கியவள் அவள். ஃப்ரேசல் வெர்ப் என்று நாம் சொல்லும் கூட்டுவினைகள் அறுபதை ஒரு தாளில் எழுதி நான்தான் அவளுக்குக் கொடுத்தேன். இடப்பக்கம் கூட்டுவினை, வலப்பக்கம் அதற்கு ஈடான ஒற்றைச் சொல். அறுபதையும் ஒப்பித்தாள். அந்தத் தாளில் கீப் அப் இருந்தது, கீப் டவுன் இல்லை. இருந்திருந்தாலும் அதற்கு எதிரே ‘சப்ரஸ்’, அதாவது அடக்கு என்றுதான் எழுதியிருப்பேன். அந்த இரவில் அது அவளுக்கு உதவியிருக்காது.

இதை அவள் ஆயாவிடம் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்? ‘வயித்துல எதுவும் தங்கலடி’ என்றுதான் சொல்லியிருப்பார். வாந்தி என்ற சொல்லையே வாயில் எடுத்திருக்க மாட்டார். அந்த ஆங்கிலேயப் பெரியவரும் தன் ஊர்ப் பேச்சில் அதையேதான் சொன்னார். உடம்பு சரியில்லாதவர் யாராயினும் இப்படித்தான் பேசுவார். அந்தப் பேச்சைக் காதில் வாங்க நாம் அவளுக்குக் கற்றுத்தரவில்லை. அன்று பள்ளிக்குப் போகும் வழியெல்லாம் எனக்கு அதே நினைப்பாக இருந்தது. உங்களுக்கு எழுத வேண்டும் என்று அன்றே முடிவு செய்தேன்.

பாடநூலில் இந்தக் கூட்டுவினைகள் ஓரத்துச் சரக்காகக் கிடக்கின்றன. பாடத்தின் கடைசியில், சொற்பயிற்சி என்ற தலைப்பின் கீழ், பழமொழிக்கும் மரபுத்தொடருக்கும் பக்கத்தில் ஒரு பெட்டிக்குள் பத்துப் பன்னிரண்டு. ஆங்கிலத்தின் நடுவீட்டில் இருக்கும் பொருளை நாம் திண்ணையில் வைத்துப் பாடம் நடத்துகிறோம். 1755-இல் தன் அகராதியை வெளியிட்ட சாமுவேல் ஜான்சன் அதன் முன்னுரையிலேயே இதைப் பற்றி எழுதினார். வினைச்சொல்லின் பின்னால் ஒரு சிறு சொல்லைச் சேர்த்துப் பொருளை மாற்றும் இந்த வழக்கம்தான் வேற்று நாட்டாருக்கு மிகுந்த சிரமம் கொடுக்கிறது என்று சொல்லி, கம் ஆஃப், ஃபால் ஆன், பிரேக் ஆஃப் என்று எடுத்துக்காட்டுகளும் கொடுத்தார். இதற்கு ஃப்ரேசல் வெர்ப் என்ற பெயர் வந்ததே 1925-இல்தான். லோகன் பியர்சல் ஸ்மித் என்ற எழுத்தாளர் அதை அச்சில் கொண்டுவந்தார். ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் ஆசிரியர்களில் ஒருவரான ஹென்றி பிராட்லி சொல்லிக்கொடுத்த பெயர் என்று அவரே எழுதியிருக்கிறார்.

2007-இல் டீ கார்ட்னர், மார்க் டேவிஸ் என்ற இருவர் 10 கோடிச் சொற்கள் அடங்கிய பிரிட்டிஷ் நேஷனல் கார்ப்பஸ் என்னும் தொகுப்பை அலசினார்கள். கோ, கம், டேக், கெட், புட், லுக் என்பன போன்ற வெறும் 20 வினைகள், அப், அவுட் முதலான 8 சிறு சொற்களோடு சேர்ந்து, அந்தத் தொகுப்பில் வரும் கூட்டுவினைகளில் பாதிக்கு மேல் வந்துவிடுகின்றன என்று கண்டார்கள். இந்த 20 வினைகளில் அநேகத்தை எங்கள் பள்ளியில் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கே தெரியும்.

அதே ஆய்வில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. அடிக்கடி வரும் 100 கூட்டுவினைகளை எடுத்துக்கொண்டால் அவற்றுக்கு மொத்தம் 559 பொருள். ஒன்றுக்குச் சராசரி ஐந்துக்கு மேல். இதைப் படித்த நாளிலிருந்து ‘டேக் ஆஃப்’ என்று எழுதி எதிரே ஒரு சொல் போட எனக்குக் கை வரவில்லை. விமானம் மேலே கிளம்பினாலும் டேக் ஆஃப், செருப்பைக் கழற்றினாலும் டேக் ஆஃப், இரண்டு நாள் லீவு போட்டாலும் டேக் ஆஃப், புதுக் கடை நன்றாக ஓட ஆரம்பித்தாலும் டேக் ஆஃப். இந்த நான்கையும் ஒரு சமக்குறியால் எப்படிக் கட்டுவது?

நம் சமக்குறிக்கு வலப்பக்கம் நிற்கும் சொற்களையும் பாருங்கள். புட் ஆஃப் என்றால் போஸ்ட்போன். புட் அவுட் என்றால் எக்ஸ்டிங்குவிஷ். புட் அப் வித் என்றால் டாலரேட். எல்லாம் லத்தீனிலிருந்தும் பிரெஞ்சிலிருந்தும் வந்த சொற்கள். 1066-க்குப் பிறகு நார்மன்கள் ஆண்ட காலத்தில் நீதிமன்றத்துக்கும் அரண்மனைக்கும் பிரெஞ்சு வந்தது. அடுப்படியிலும் வயலிலும் பழைய ஆங்கிலம் தங்கியது. அந்தப் பழைய மொழியில் சிறு சொல் வினைக்கு முன்னால் ஒட்டி நின்றது. அண்டர்ஸ்டாண்ட், ஓவர்கம், வித்ஸ்டாண்ட் என்று இன்றும் சில மிச்சம் இருக்கின்றன. பிற்பாடு அந்த முன்னொட்டுகள் தேய, சிறு சொல் வினைக்குப் பின்னால் இடம்பிடித்துப் பெருகியது. ஜெர்மனில் இரண்டு நிலையும் இன்றும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன: கைவிடுவதற்கு அவர்கள் சொல் ‘அவுஃப்கேபன்’. அவுஃப் என்றால் அப், கேபன் என்றால் கிவ். வாக்கியத்துக்குள் போனால் பிரிந்து பின்னால் போய்விடும்.

ஆங்கிலம் நமக்கு வந்தது கோர்ட்டு வழியாக, ஆபீஸ் வழியாக, பல்கலைக்கழகம் வழியாக. அதனால் நமக்கு மாடி மொழி முதலில் வந்தது, அடுப்படி மொழி வரவே இல்லை. ‘உணவருந்தினீர்களா’ தெரிந்து ‘சாப்டாச்சா’ தெரியாத ஒருவர் மதுரையில் வந்து இறங்கினால் எப்படித் திண்டாடுவாரோ, அப்படித்தான் எங்கள் பிள்ளைகள் ஊர்விட்டுப் போய்த் திண்டாடுகிறார்கள். அவர்கள் படித்தது குறைவு என்று யாரும் சொல்ல முடியாது. கடினமான பாதியை முதலில் படித்துவிட்டார்கள்.

சி. கே. ஆக்டன் என்ற ஆங்கிலேய அறிஞர் 1930-இல் பேசிக் இங்கிலீஷ் என்று 850 சொற்களில் ஓர் ஆங்கிலத்தைக் கட்டினார். அதில் வினைகள் 18 மட்டுமே. அது போதுமா என்றால், இந்தச் சிறு சொற்களோடு கூட்டிக் கூட்டித்தான் மற்ற வினைகளின் வேலையை அவர் வாங்கினார். 850-ஐக் கற்றவருக்கு அந்தக் கூட்டுகள் ஒவ்வொன்றும் புதுச் சொல்லாகவே வந்து நின்றன என்பது அந்தத் திட்டத்தின் மேல் சொல்லப்பட்ட குறை. நம் அறுபது வரித் தாளின் கதையும் அதுதான்.

இப்போது உங்களிடம் நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன். இந்தக் கூட்டுவினையில் நாம் வினையைப் பார்த்துப் பாடம் நடத்துகிறோம். கெட் என்று தலைப்புப் போட்டு அதன் கீழ் பத்து, டேக் என்று போட்டுப் பத்து. பொருளைத் தூக்கிச் சுமப்பது பெரும்பாலும் அந்தச் சிறு சொல். பாடத்தை அதன் பெயரில் பிரித்து நடத்துங்கள்.

அப் என்ற ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஈட் அப், டிரிங்க் அப், யூஸ் அப், கிளீன் அப். இதில் மேலே போவது ஒன்றும் இல்லை. மிச்சம் வைக்காமல் முடிப்பது இருக்கிறது. பாத்திரத்தில் தண்ணீர் விளிம்புவரை ஏறினால் நிறைந்துவிட்டது என்று அர்த்தம் அல்லவா, அந்த மேல்தான் இந்த அப். ஆஃப் என்றால் ஒட்டியிருந்தது விலகுவது: கட் ஆஃப், பிரேக் ஆஃப், வேர் ஆஃப், ரயிலடிக்குப் போய் வழியனுப்பும் சீ ஆஃப். ஆன் என்றால் விடாமல் தொடர்வது: கோ ஆன், கேரி ஆன், கீப் ஆன். அவுட் என்றால் உள்ளே இருந்தது வெளியே வருவது. அது தீர்ந்துபோவதாகவும் இருக்கலாம், ரன் அவுட். புலப்படுவதாகவும் இருக்கலாம், ஃபைண்ட் அவுட், வொர்க் அவுட். சூசன் லிண்ட்னர் என்பவர் 1981-இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தில் அப், அவுட் என்ற இந்த இரண்டு சொற்களை மட்டும் எடுத்துக்கொண்டு முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்தார். தாறுமாறாகத் தோன்றும் பொருள்களுக்கு அடியில் ஓர் ஒழுங்கு ஓடுகிறது என்று காட்டினார்.

தமிழ்ப் பிள்ளைக்கு இது புரியுமா என்று நீங்கள் கேட்கலாம். நானும் சந்தேகப்பட்டேன். அந்த போனுக்கு மறுவாரம் பதினோராம் வகுப்பில் கரும்பலகையின் நடுவே ‘பார்’ என்று தமிழில் எழுதினேன். இதோடு முன்னாலோ பின்னாலோ எதையாவது ஒட்டுங்கள் என்றேன். ஆங்கில வகுப்பில் தமிழா என்று முதலில் தயங்கினார்கள். பிறகு பெஞ்சுக்குப் பெஞ்சு சத்தம் கிளம்பியது. பார்த்துக்கோ. எதிர்பார். சரிபார். தேடிப்பார். எட்டிப்பார். வேடிக்கை பார். பார்த்துப் போ. பலகை நிறைந்துவிட்டது. பக்கத்தில் ‘லுக்’ என்று எழுதி, லுக் ஆஃப்டர், லுக் ஃபார்வர்ட் டு, லுக் ஓவர், லுக் ஃபார், லுக் அவுட் என்று வரிசையாகப் போட்டேன். எது எதற்கு ஜோடி என்று அவர்களே கோடு இழுத்தார்கள். தம்பியைப் பார்த்துக்கொள்வது லுக் ஆஃப்டர். பொங்கலை எதிர்பார்த்திருப்பது லுக் ஃபார்வர்ட் டு. கணக்கை ஒருதரம் சரிபார்ப்பது லுக் ஓவர்.

கடைசி பெஞ்சில் அதிகம் பேசாத பையன் ஒருவன் எழுந்தான். “மிஸ், பார்த்துக்கோல ‘கோ’ன்னா என்ன அர்த்தம்?” என்றான். நீயே சொல்லு என்றேன். கொஞ்ச நேரம் நின்றான். “தனியா அர்த்தம் இல்ல மிஸ். ஆனா அது இல்லன்னா வெறும் பாருதான். அது வந்தாத்தான் பொறுப்பு வருது.”

22 வருடத்தில் எந்த ஆங்கில இலக்கண நூலிலும் ஆஃப்டருக்கு இவ்வளவு நல்ல விளக்கம் நான் படித்ததில்லை.

நம் மொழி இதையே காலங்காலமாகச் செய்துவருகிறது. விடு, கொள், போடு, வை, கொடு என்று துணைவினைகள் நம்மிடம் இருக்கின்றன. சாப்பிடு என்றால் ஈட், சாப்பிட்டுவிடு என்றால் ஈட் அப். குறித்துக்கொள் என்பது நோட் டவுன். போட்டுப் பார் என்பது ட்ரை ஆன். செய்துகொண்டே இரு என்பது கேரி ஆன். வரிசைகூட மாறவில்லை பாருங்கள், அங்கும் முதலில் பெரிய வினை, அடுத்தது அதன் நிறத்தை மாற்றும் சிறியது. பழைய ஆங்கிலம்போல முன்னால் ஒட்டும் வழக்கமும் நமக்கு உண்டு. மேல், உள், முன், வெளி, புறம், பின் எல்லாம் வினைக்கு முன்னால் வந்து நிற்கும். மேற்கொள் என்பதைப் பிரியுங்கள்: மேல் ஆன், கொள் டேக். டேக் ஆன்! உட்கொள் டேக் இன். முன்வை புட் ஃபார்வர்ட். பின்வாங்கு புல் பேக். தள்ளிப்போடு என்பதில் போடு அப்படியே புட், தள்ளுவது ஆஃப். இதை முதன்முதலாகப் பலகையில் எழுதியபோது என் கையே ஒரு கணம் நின்றது. இத்தனை வருடம் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் இருந்திருக்கிறேன்.

எல்லாமே இப்படிப் பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். புட் அப் வித் என்பதைப் பிரித்தால் பிள்ளை குழம்பும், அதை முழுசாகத்தான் விழுங்க வேண்டும். விட்டுக்கொடு என்பதில் கிவ் இன்னின் கிவ் இருக்கிறது, இன் எங்கே என்று தேடினால் கிடைக்காது. பொருந்தாத இடத்தில் வலிந்து பொருத்துவதை விட, இது மனப்பாடம் என்று நேராகச் சொல்லிவிடலாம்.

தாய்மொழி இதில் எவ்வளவு தூரம் உதவும் என்பதற்கு ஆய்வு உண்டு. 1985-இல் டாகட், லாஃபர் இருவரும் ஹீப்ரு பேசும் மாணவர்களைப் பார்த்தார்கள். அவர்கள் மொழியில் இப்படிப்பட்ட கூட்டுவினை இல்லை. அவர்கள் ஆங்கிலத்திலும் அதைத் தவிர்த்து ஒற்றைச் சொல்லையே தேடினார்கள். 1993-இல் அதே லாஃபரும் எலியாசனும் சுவீடிஷ் பேசுவோரைப் பார்த்தபோது, அவர்கள் தவிர்க்கவில்லை. சுவீடிஷில் இந்தக் கூட்டுவினை இருக்கிறது. எங்கள் பிள்ளைகள் ஹீப்ரு மாணவர்கள்போலத் தவிர்த்துக்கொண்டிருக்கிறார்கள், ஆனால் வீட்டில் சுவீடிஷ்காரரைப் போலச் சொத்து இருக்கிறது. அதை யாரும் திறந்து காட்டவில்லை.

இன்னொரு சொத்தும் இருக்கிறது. ‘லைட்டை ஆஃப் பண்ணு’ என்கிறோமே, அதைக் கவனித்தீர்களா? டர்ன் ஆஃப், சுவிட்ச் ஆஃப் இரண்டும் தமிழுக்குள் வந்தபோது, டர்னையும் சுவிட்சையும் கழற்றிப் போட்டுவிட்டு ஆஃபை மட்டும் வைத்துக்கொண்டது தமிழ்க் காது. வினையின் இடத்தில் ‘பண்ணு’ என்று ஒன்றைப் போட்டுக்கொண்டது. பொருள் எங்கே இருக்கிறது என்று பள்ளிக்கூடம் போகாதவர்களுக்கும் தெரிந்திருக்கிறது. எங்கள் பிள்ளைகள் ‘ஆஃப் தி லைட்’ என்று எழுதினால் சிவப்பு மையால் அடிப்பதோடு நிறுத்தாமல், நீ சரியான சொல்லைத்தான் பிடித்திருக்கிறாய், அதற்கு முன்னால் ஒரு வினை வேண்டும், அவ்வளவுதான் என்று சொல்லிக்கொடுக்கலாம்.

செக்கப், மேக்கப், செட்டப், பிக்கப், பிரேக்டவுன், பிரிண்ட் அவுட், கட்-அவுட், லாக்டவுன். ‘ரொம்ப பில்டப் கொடுக்காதே’ என்று எட்டாம் வகுப்புப் பையன் தன் கூட்டாளியைச் சொல்கிறான். இவை எல்லாம் கூட்டுவினை உறைந்து பெயரான சொற்கள். இங்கிருந்து வினைக்குப் போக ஓர் அடிதான் தூரம். பஸ் நடுவழியில் நிற்பதைப் பிரேக்டவுன் என்று பெயராகச் சொன்னால் குரலின் அழுத்தம் பிரேக் மேல், ஒரே சொல்லாக எழுத்து. அதுவே வினையானால் டவுன் மேல் அழுத்தம், இரண்டு சொல்லாக எழுத்து. லாகின், லாக் இன் என்பதும் அப்படியே. செல்போன் வைத்திருக்கும் பிள்ளைக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு தேட வேண்டுமா?

அழுத்தம் என்றதும் இன்னொன்று. டர்ன் இட் ஆஃப் என்பதில் குரல் ஆஃபில் ஏறும். லுக் அட் இட் என்பதில் அட் காதில் விழுவதே இல்லை, லுக் மட்டும் கேட்கும். முதலாவதில் ஆஃப் வினையடையாக நிற்கிறது, இரண்டாவதில் அட் முன்னிடைச்சொல். இலக்கணப் பெயர் தெரியாவிட்டாலும் காது பிரித்துக்கொள்ளும். இடம் மாறுவதும் இங்கேதான். டர்ன் ஆஃப் தி லைட் சரி, டர்ன் தி லைட் ஆஃப் சரி, டர்ன் இட் ஆஃப் சரி, டர்ன் ஆஃப் இட் மட்டும் தவறு. ரன் அப் எ ஹில், ரன் அப் எ பில் என்று இரண்டு தொடரைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். மலையில் ஓடி ஏறுவதும், கடையில் கடன் ஏற்றிக்கொண்டே போவதும் எழுத்தில் ஒன்றுபோலத்தான் இருக்கும். இட் போட்டால் பிரிந்துவிடும்: மலைக்கு ரன் அப் இட், கடனுக்கு ரன் இட் அப். இந்த ஒரு பயிற்சியை ஒரு மணி நேரம் செய்தால் பிள்ளைகள் மறப்பதில்லை. பாடநூலில் இப்போது இருக்கும் பெட்டியில் இதற்கு இடம் இல்லை, வினாத்தாளிலும் கேள்வி இல்லை. கேள்வி இல்லாத எதையும் எங்களால் நடத்த முடியாது என்பது உங்களுக்கும் தெரியும்.

நம் ஊர் வழக்கைக் கேலி செய்யும் பெட்டிகளையும் எடுத்துவிடுங்கள். கோப் அப் வித் என்று நம் ஆட்கள் எழுதுவது, கீப் அப் வித், புட் அப் வித் என்று இரண்டு நல்ல தொடர்களைப் பார்த்து அதே அச்சில் வார்த்ததால். அப் தேவையில்லை என்று சொல்லுங்கள், ஏன் வந்தது என்பதையும் சொல்லுங்கள். ‘நான் 2015-இல் பாஸ் அவுட்’ என்று நாம் சொல்வதும் ஆதாரம் இல்லாத பேச்சல்ல. சென்னைப் பரங்கிமலையில் ராணுவ அதிகாரிகள் பயிற்சி முடித்துப் போகும் அணிவகுப்புக்குப் பாஸிங் அவுட் பரேட் என்றுதான் பெயர். ஆனால் இங்கிலாந்தில் ஒரு நோயாளியின் மனைவி, அவர் நேற்றிரவு பாஸ் அவுட் ஆனார் என்றால், மயங்கி விழுந்துவிட்டார் என்று பொருள். பாஸ் அவே என்றால் இறந்துவிட்டார். இந்த மூன்றையும் ஒரே வரியில் வைத்துக் காட்டாமல் ஒரு நர்ஸை நாம் விமானம் ஏற்றக் கூடாது.

எத்தனை கூட்டுவினைகளை வைப்பது என்ற கேள்விக்கு வேலை ஏற்கெனவே நடந்திருக்கிறது. 2015-இல் மெலோடி கார்னியே, நார்பர்ட் ஷ்மிட் இருவரும் கற்பவருக்கு மிகவும் வேண்டிய 150 கூட்டுவினைகளை எடுத்து, ஒவ்வொன்றிலும் அதிகம் வழங்கும் பொருளை மட்டும் நிறுத்தி, மொத்தம் 288 பொருளில் ஒரு பட்டியலை முடித்தார்கள். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை ஏழு வருடம் இருக்கிறது. வருடத்துக்கு இருபதைச் சற்றுத் தாண்டும். அதைச் சிறு சொல் வாரியாகப் பிரியுங்கள். ஆறாம் வகுப்பில் அப்பும் டவுனும் போதும், பொருட்களைக் கையில் எடுத்து, கீழே வைத்து, ஏறி இறங்கிக் காட்டலாம்.

தமிழ்ப் பாடநூல் குழுவினரோடு ஒருமுறை உட்காருங்கள். துணைவினைப் பாடம் எந்த மாதம் வருகிறதோ, அதே மாதம் இதுவும் வரட்டும். இடைச்சொல் பெயரோடும் வினையோடும் சேர்ந்தே நடக்கும், தனித்து இயங்காது என்று தொல்காப்பியம் சொல்வதைத் தமிழையா இரண்டாம் பீரியடில் நடத்திவிட்டுப் போக, நான் மூன்றாம் பீரியடில் உள்ளே நுழைந்தால் என் வேலை பாதி முடிந்திருக்கும். இப்போது அந்த இரண்டு வகுப்புக்கும் நடுவில் சுவர் இருக்கிறது. பிள்ளைகள் ஒரே பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

வினாத்தாள் அமைப்போருக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். அடிக்கோடிட்ட சொல்லுக்கு ஈடான கூட்டுவினையை நான்கில் தேர்ந்தெடு என்ற கேள்வியை விட்டுவிட்டு, ஒரு சூழ்நிலையைக் கொடுங்கள். கண்டக்டர் சொல்வது, டாக்டரிடம் நோயாளி சொல்வது, கடைக்காரரிடம் வாடிக்கையாளர் கேட்பது. அவர் என்ன சொல்ல வருகிறார் என்று தமிழில்கூட எழுத விடுங்கள். புரிந்ததா என்பது அதில் தெரிந்துவிடும். மதிப்பெண் ஒன்றுதானே, அதை எதற்குக் கொடுக்கிறோம் என்பதுதான் கேள்வி.

என் மாணவி இப்போது ஞாயிறுதோறும் வாட்ஸ்அப்பில் நான்கைந்து வரி அனுப்புகிறாள். வார்டில் அந்த வாரம் காதில் விழுந்தவை. அவற்றை ஒரு நோட்டில் எழுதி, பக்கத்தில் எங்கள் ஊர்ப் பேச்சில் என்ன சொல்வோம் என்று இருவரும் சேர்ந்து எழுதிவருகிறோம். வேர் ஆஃப், மருந்தோட வேகம் இறங்கிடுச்சு. கம் டவுன் வித், காய்ச்சல்ல படுத்துட்டேன். கோ டவுன், வீக்கம் வடிஞ்சிருக்கு. பிரிங் அப், சளி கக்குறாரு. கம் ரவுண்ட், நெனவு திரும்பிடுச்சு. ரன் டவுன், ஒடம்பு அசந்துபோச்சு. போன வாரம் வந்தது புல் த்ரூ. அதற்கு எதிரே அவளே எழுதி அனுப்பியிருந்தாள்: ‘பிழைச்சுக்கிட்டாரு. இதுலயும் நம்ம கோ இருக்கு மிஸ்.’

பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் அந்த நோட்டைக் கைமாற்றிப் படிக்கிறார்கள். செவிலியர் படிப்புக்குப் போக நினைக்கும் நான்கு பெண்கள் அதை முழுக்க நகல் எழுதிக்கொண்டார்கள். உங்கள் குழு எப்போது கூடினாலும் அந்த நோட்டை எடுத்துக்கொண்டு வருகிறேன். பள்ளி நாளாக இருந்தால் லீவு போட்டுவிட்டு வருகிறேன். ஒரு மணி நேரம் கொடுங்கள். ‘பார்’ என்று எழுத ஒரு கரும்பலகையும் வேண்டும்.

இப்படிக்கு,
அரசு மேல்நிலைப் பள்ளி ஆங்கில ஆசிரியை ஒருவர்